ஒட்டுப் போடுமுன் உள்பக்கம் பார்ப்போம்

ஒட்டு என்றதும் கிழிந்த பாவாடையும் ஊசிநூலுமே நம் நினைவுக்கு வரும். கணிப்பொறித் துறையிலும் ஒட்டு உண்டு என்பது தோழியர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஏற்கெனவே எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலில் சில வரிகளை நீக்கி, சில வரிகளைச் சேர்த்து, அந்த மாறுதலை மட்டும் தனியாக எழுதி அனுப்பினால் அதற்குப் ‘பேட்ச்’, அதாவது ஒட்டு என்று பெயர். நீக்க வேண்டிய வரிக்கு முன்னால் கழித்தல் குறியும், சேர்க்க வேண்டிய வரிக்கு முன்னால் கூட்டல் குறியும் இருக்கும். இதைப் படித்துத் தானாகவே நிரலைத் திருத்திக் கொடுக்கும் சிறு கருவி ஒன்றை லாரி வால் என்னும் அமெரிக்கர் 1985-ல் வெளியிட்டார். அன்று முதல், முகம் அறியாதவர்கள்கூட ஒருவர் நிரலுக்கு மற்றவர் ஒட்டுப் போடுவது எளிதாயிற்று.

போட்ட ஒட்டு நிற்குமா என்று பார்ப்பதோ எளிதன்று. தையல் வகுப்பில் சிஸ்டர் துணியைக் கையில் வாங்கியதும் என்ன செய்கிறார்? உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறார். வெளியே பூவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே நூலை முடிச்சுப் போடாமல் விட்டிருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. நிரலைச் சோதிப்பவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். ‘சி’ மொழியில் எழுதிய தரவுத்தள நிரலில் அவர்கள் முதன்மையாகத் தேடும் முடிச்சுகள் இரண்டு. ஒன்று நினைவகத்தைப் பற்றியது. மற்றொன்று பரிவர்த்தனையைப் பற்றியது. இவ்விரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம். படிக்கப் படிக்க, இரண்டும் ஒரே கேள்வியில் வந்து முடிவதைக் கண்டோம். ‘வேலை பாதியில் நின்றுவிட்டால், எடுத்ததைத் திருப்பி வைப்பது யார்?’ என்பதே அந்தக் கேள்வி.

முதலில் நினைவகத்தைப் பார்ப்போம்.

சி மொழியை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கினார். வேகத்தில் அதற்கு நிகரான மொழிகள் சிலவே. ஆனால் அது கண்டிப்பில்லாத மொழி. நிரலுக்கு இடம் தேவையானால் ‘மாலக்’ என்று கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் ‘ஃப்ரீ’ என்று சொல்லித் திருப்பித் தர வேண்டும். தரவில்லை என்றால் கேட்பாரில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துச் சென்று திருப்பித் தராதவர்கள் பெருகினால் அலமாரி காலியாவதுபோல், இடம் சிறிது சிறிதாகக் கரைந்துபோகும். இதற்குக் கசிவு என்று பெயர். இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. திருப்பிக் கொடுத்துவிட்ட புத்தகம் இன்னும் நம்மிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டு அதில் எழுதினால் என்னவாகும்? அது இப்போது வேறொருத்தி கையில் இருக்கிறது. நம் எழுத்து அவள் பக்கத்தில் விழும். ஒரே இடத்தை இருமுறை திருப்பித் தருவது, கேட்ட அளவைத் தாண்டி எழுதுவது, தாண்டிப் படிப்பது ஆகியவையும் இந்தக் குடும்பத்துப் பிழைகளே.

தாண்டிப் படித்ததால் வந்த கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. இணையத்தில் மறைச்செய்தி அனுப்பப் பயன்படும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்னும் சி நிரலில் 2011-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஒரு ஒட்டுச் சேர்க்கப்பட்டது. ‘நான் அனுப்பும் சொல்லை அப்படியே திருப்பி அனுப்பு, அதன் நீளம் இவ்வளவு’ என்று கேட்டால் அது திருப்பி அனுப்பும். ஒரே ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, ‘நீளம் 64 ஆயிரம்’ என்று பொய் சொன்னால்? அதையும் நம்பி, பக்கத்து நினைவகத்தில் கிடந்த கடவுச்சொல்லையும் இரகசியத் திறவையும் அள்ளிக் கொடுத்துவிடும். சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒத்துள்ளனவா என்று பார்க்கும் வரிகள் சிலவே இல்லாமற்போயின. அந்த ஒட்டைச் சோதித்து ஏற்றுக்கொண்டவரும் அதைக் கவனிக்கவில்லை. 2014 ஏப்ரல் 7 அன்று ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெயரில் இது வெளிவந்தபோது இரண்டே கால் ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டிருந்தது. கூட்டல் குறி போட்ட வரிகளில் பிழை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே இருந்திருக்க வேண்டிய, ஆனால் எழுதப்படாத வரியில்தான் பிழை. சோதிப்பவர்களின் வேலை ஏன் கடினம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இனி, பரிவர்த்தனை. இரயிலில் இடம் பதிவு செய்கிறோம். பணம் கழிக்கப்பட வேண்டும். இருக்கை நம் பெயருக்கு எழுதப்பட வேண்டும். முதலாவது நடந்து இரண்டாவது நடக்குமுன் மின்சாரம் நின்றுவிட்டால், பணமும் போயிற்று, இருக்கையும் போயிற்று. ஆகவே இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டும் நடவாததுபோல் ஆகிவிட வேண்டும் என்று விதி செய்தார்கள். இந்தக் கட்டே பரிவர்த்தனை. நிலைநிறுத்துவதற்குக் ‘கமிட்’ என்றும், கைவிடுவதற்கு ‘ரோல்பேக்’ என்றும் பெயர். இத்துறையில் ஆற்றிய பணிக்காக ஜிம் கிரே என்னும் அறிஞருக்கு 1998-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசு வழங்கப்பட்டது. கணிப்பொறி உலகின் நோபல் பரிசு என்று இதைச் சொல்வார்கள்.

இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தைக் காண, உண்மையான ஒரு நிரலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1986-ல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் தரவுத்தளப் பணி தொடங்கியது. 1996-ல் அது ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்று பெயர் மாறிற்று. பழைய பெயரே சொல்ல எளிதாக இருப்பதால் நாங்களும் அதையே சொல்கிறோம். யாரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், ஒட்டும் அனுப்பலாம். அது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. ஆகவே சி மொழியின் தொல்லைகள் அனைத்தும் அதற்கும் உண்டு. ஆனால் அவற்றை அடக்க அதை எழுதியவர்கள் கண்ட வழி எங்களை மிகவும் கவர்ந்தது.

ஒவ்வொரு துண்டு இடத்தையும் தனித்தனியே திருப்பித் தருவதற்குப் பதிலாக, இடங்களைப் பைகளில் போட்டு வைக்கிறார்கள். மாலக் என்பதற்குப் பதில் ‘பாலக்’ என்று கேட்டால், அப்போது திறந்திருக்கும் பையிலிருந்து இடம் கிடைக்கும். பைக்குள் பை உண்டு. சேவை நடக்கும் காலம் முழுதும் இருக்கும் பை ஒன்று. ஒரு பரிவர்த்தனை முடியும்வரை இருக்கும் பை ஒன்று. ஒரு கேள்விக்கு விடை தரும்வரை இருப்பது ஒன்று. அட்டவணையின் ஒரே ஒரு வரிசையைப் பார்த்து முடிக்கும்வரை மட்டும் இருப்பது இன்னொன்று. காலம் முடிந்ததும் பை அப்படியே கவிழ்க்கப்படும். பரிவர்த்தனை கைவிடப்பட்டாலும் அதன் பை கவிழ்ந்துவிடும். ஆக, நினைவகத்தின் ஆயுளைப் பரிவர்த்தனையின் ஆயுளோடு முடிந்து வைத்துவிட்டார்கள்! இடமே இல்லாமற்போனால் என்ன செய்வது என்றுகூட எண்ணியிருக்கிறார்கள். ‘இடம் தீர்ந்தது’ என்று அறிவிக்கவும் சிறிது இடம் வேண்டுமே! அதற்காக எட்டாயிரம் பைட்டுகளாவது எப்போதும் ஒரு தனிப் பையில் ஒதுக்கியிருக்கும். வீட்டில் அம்மா அரிசிப் பானையில் ஒளித்து வைக்கும் பத்து ரூபாய் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது ஒரு ஒட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாமே கற்பனையாகச் செய்துகொண்ட ஒட்டுதான். அது மாலக் மூலம் கொஞ்சம் இடம் வாங்குகிறது. இரண்டு கணக்குகளைத் திருத்துகிறது. ஃப்ரீ என்று இடத்தைத் திருப்பித் தருகிறது. வாங்கியதும் இருக்கிறது, தந்ததும் இருக்கிறது. பார்த்தால் குறையே இல்லை. சோதிப்பவர் நடுவரியில் விரல் வைக்கிறார். இரண்டாவது கணக்கைத் திருத்தும்போது பிழை ஏற்பட்டால்? போஸ்ட்கிரெஸில் பிழை ஏற்பட்ட உடனே நிரல் அடுத்த வரிக்குச் செல்லாது. நெடுந்தூரம் தாவி, பிழைகளைக் கவனிக்கும் இடத்தில் போய் நிற்கும். ஃப்ரீ என்ற வரி தாண்டப்பட்டுவிடும். பரிவர்த்தனை ஒழுங்காகக் கைவிடப்படும், கணக்குகள் பழையபடியே இருக்கும். ஆனால் மாலக் கொடுத்த இடம் எந்தப் பையிலும் இல்லையாதலால் அது போனது போனதுதான். ஒருமுறை என்றால் கவலையில்லை. பல நாள் தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பில் இது ஓராயிரம் முறை நடந்தால்?

‘அப்படியானால் எல்லாவற்றையும் பாலக் என்றே கேட்டுவிடலாமே’ என்று தோன்றும். சரிதான், ஆனால் அங்கும் ஒரு பள்ளம் உண்டு. அடிக்கடி தேவைப்படும் ஒரு விவரத்தை அடுத்த முறைக்கும் ஆகுமென்று ஒருவர் சேமித்து வைக்கிறார். அவர் வைத்த இடமோ பரிவர்த்தனையின் பை. முதல் முறை சரியாக வேலை செய்யும். பரிவர்த்தனை முடிந்ததும் பை கவிழும். ஆனால் ‘அந்த விவரம் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்ற குறிப்பு மட்டும் அழியாமல் நிற்கும். அடுத்த முறை அங்கே போனால் காலி மனை. சில வேளை வேறு யாரோ குடியேறிய மனை. இதில் கொடுமை என்னவென்றால், பழைய எழுத்து அழியாமல் கிடந்தால் இரண்டாம் முறையும் சரியாகவே வேலை செய்வதுபோல் தோன்றும். இதனால்தான் சோதனைக்கென்று நிரலைக் கட்டும்போது, திருப்பித் தரப்பட்ட இடம் முழுவதையும் 127 என்ற எண்ணால் நிரப்பிவிடுகிறார்கள். காலி மனையில் யாராவது கால் வைத்தால் உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். எளிய தந்திரம், ஆனால் இக்கட்டுரைக்காக நாங்கள் படித்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நெடுங்காலப் பையில் சிறு வேலைக்கு இடம் வாங்குவதும் தவறே. ஒரு வரிசைக்கு நூறு பைட்டுகள் விட்டுப்போயின என்று வைத்துக்கொண்டால், பத்து இலட்சம் வரிசைகள் கொண்ட அட்டவணைக்குப் பத்துக் கோடி பைட்டுகள் ஆகும். கேள்வி முடிந்ததும் பை கவிழும் என்பது உண்மைதான். கேள்வி முடியும்வரை கணிப்பொறி தாங்க வேண்டுமே!

நினைவகம் மட்டுமன்று, நிரல் எடுக்கும் பூட்டுகள், திறக்கும் கோப்புகள், கையில் பிடித்திருக்கும் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. பரிவர்த்தனை நிலைநிறுத்தப்படும்போது ஒருவர் பிடித்த பக்கத்தை விடாமல் இருந்தால் நிரல் எச்சரிக்கை விடும். கைவிடப்படும்போதோ ஒன்றும் சொல்லாமல் தானே விடுவித்துவிடும். ஆகவே சோதிப்பவர்கள் பிழை வரும் வழியை மட்டுமல்லாமல் ஒழுங்கான வழியையும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றிலும் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. தரவுத்தளத்தின் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது, ‘இன்ன மாற்றம் செய்கிறேன்’ என்று ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். திருத்திய பக்கம் தட்டுக்குப் போகுமுன் அதன் குறிப்புத் தட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பது மீறக்கூடாத விதி. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், இந்தக் குறிப்பேட்டைப் படித்தே விட்ட இடத்திலிருந்து நிமிரும். பக்கத்தைத் திருத்துவதும் குறிப்பை எழுதுவதும் பிரிக்க முடியாத இரட்டைப் பிள்ளைகள். இவ்விரண்டுக்கும் நடுவில் சிறு பிழை ஏற்பட்டாலும், போஸ்ட்கிரெஸ் அதைச் சிறு பிழையாகக் கொள்வதில்லை. சேவை முழுவதையும் நிறுத்தி, குறிப்பேட்டைப் படித்து மீண்டும் எழும். ஆகவே அந்த நடுப்பகுதியில் பாலக் என்ற சொல்லைக் கண்டால் சோதிப்பவர்கள் உடனே தடுத்துவிடுவார்கள். ‘இடம் இல்லை’ என்ற பதில் அங்கே வந்தால், ஒருவர் கேட்ட சிறு இடத்துக்காக எல்லாருடைய வேலையும் நிற்கும். வேண்டிய இடத்தை முன்பே வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். இங்கும் நினைவகமும் பரிவர்த்தனையும் ஒரே முடிச்சில் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் குறை நேர்வதுண்டு. ‘எழுதியது தட்டில் பதிந்ததா?’ என்று இயக்க அமைப்பைக் கேட்கும் கட்டளைக்கு ‘எஃப்சிங்க்’ என்று பெயர். ‘பதியவில்லை’ என்று பதில் வந்தால் போஸ்ட்கிரெஸ் பல ஆண்டுகளாக மறுபடியும் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் இது பிழையாகத் தோன்றவில்லை. நாமும் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் லினக்ஸ் இயக்க அமைப்பு தோல்வியை ஒருமுறைதான் சொல்லும். இரண்டாம் முறை கேட்டால், எழுதாத பக்கத்தை மறந்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று பதில் வரலாம். அதை நம்பிக் குறிப்பேட்டையும் கழித்துவிட்டால் அந்தத் தரவு எங்கும் இல்லாமற்போகும். இது 2018-ல் வெளிச்சத்துக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில், தோல்வி என்று ஒருமுறை கேட்டாலே நின்றுவிட்டு, குறிப்பேட்டிலிருந்து மீண்டும் எழும்படி மாற்றினார்கள்.

சோதிப்பவர்கள் யார் என்று தோழியர் கேட்கலாம். 2008 முதல் போஸ்ட்கிரெஸில் ‘கமிட்ஃபெஸ்ட்’ என்ற ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட மாதங்களில் புதிய ஒட்டு எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, வந்து குவிந்தவற்றைச் சோதிப்பார்கள். ஒட்டு ஒன்றை அனுப்புபவர் அதே அளவு கடினமான, பிறர் எழுதிய ஒட்டு ஒன்றைச் சோதித்துத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அங்கே வழக்கம். மற்றவள் கணக்கைத் திருத்தாமல் தன் கணக்கைத் திருத்தித் தரும்படி கேட்க முடியாது! இதில் சி மொழிப் புலமை இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒட்டு ஒழுங்காகப் பொருந்துகிறதா, நிரல் கட்டப்படுகிறதா, பழைய சோதனைகள் தேறுகின்றனவா, விளக்கக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறதா, அதில் சொன்னபடி நடக்கிறதா என்பனவற்றைப் பொறுமை உள்ள எவரும் பார்க்கலாம். நினைவகப் பைகளும் தாவல்களும் அடுத்த படி.

ஒரு ஒட்டு எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தாலும் பிரிக்கப்படலாம் என்பதற்குப் பதினான்காம் பதிப்பு சான்று. போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய வடிவம் உடனே அழிவதில்லை. புதிய வடிவம் பக்கத்தில் எழுதப்படும். ரோல்பேக் என்றால் புதியதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும். யாருக்கும் தேவைப்படாத பழைய வடிவங்களை ‘வாக்குவம்’ என்ற துப்புரவு வேலை பின்னர் பெருக்கிவிடும். தேவைப்படுமா என்பதை, இன்னும் முடியாத பரிவர்த்தனைகளைப் பார்த்தே அது முடிவு செய்கிறது. பெரிய அட்டவணை ஒன்றுக்கு, மற்றவர்களைத் தடுக்காமல் அகரவரிசை போன்ற ஒரு சுட்டியைக் கட்டுவதற்கு நெடுநேரம் ஆகும். அதுவரை குப்பை தேங்கும். ‘சுட்டி கட்டும் பரிவர்த்தனையைப் பொருட்படுத்தாமல் பெருக்கலாம்’ என்று ஒரு ஒட்டு வந்தது. நோக்கம் நல்லது; பலர் பார்த்தார்கள்; ஏற்றுக்கொண்டார்கள்; 2021 செப்டம்பரில் பதினான்காம் பதிப்போடு வெளிவந்தது.

ஆனால் சுட்டி கட்டும் வேலைக்கே தேவைப்பட்ட வடிவங்கள் சில அதன் கைக்கு வருமுன் பெருக்கப்பட்டுவிட்டன. கட்டிய சுட்டியில் சில வரிசைகள் விட்டுப்போயின. புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் அதன் அட்டை இல்லை. தேடுபவரிடம் ‘அப்படி ஒரு புத்தகமே இல்லை’ என்று நூலகம் சொல்கிறது. மருந்து ஒவ்வாமை எழுதிய நோயாளியின் பக்கமோ, கட்டணம் கட்டிய மாணவியின் பெயரோ இப்படித் தேடலில் அகப்படாமற்போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது.

வழக்கமான முறைக்குக் காத்திராமல் 2022 ஜூன் 16 அன்று 14.4 என்ற பதிப்பை வெளியிட்டார்கள். அதில் அந்த ஒட்டைப் பிரித்தெடுத்து, துப்புரவு வேலை மறுபடியும் சுட்டி கட்டுபவருக்காகக் காத்திருக்கும்படி செய்தார்கள். முன்பே கட்டிய சுட்டிகளை நிரல் தானாகச் சரிசெய்யாது. ஆகையால் பதினான்காம் பதிப்பில் அவ்வாறு கட்டிய சுட்டிகளைச் சோதிக்கும் கருவியின் பெயரையும், அவற்றை மீண்டும் கட்டும் முறையையும் அறிவிப்பிலேயே எழுதி, ஒவ்வொருவரும் தத்தம் தரவுத்தளத்தில் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொண்டார்கள்.